அழகு தோளில், வேலை வயிற்றில்: காப்டிக் வண்ணப் பானைகள் ஒரு மதிப்பீடு

எகிப்தின் காப்டிக் பானை ஒன்றைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்க்கும்போது கண் நேராக அதன் தோளுக்குப் போய்விடும். வெளிர்ப் பூச்சின் மேல் கருங்கோட்டில் ஒரு மீன், அதன் உடம்புக்குள் செங்காவி, சுற்றிலும் புள்ளிகள். பக்கத்தில் ஒரு புறா, ஒரு முயல், வளைந்து வளைந்து ஓடும் திராட்சைக்கொடி. அதற்குக் கீழே ஒன்றும் இருக்காது. வயிறு முழுக்க வெறும் மண். சக்கரத்தில் சுற்றும்போது விரல் விட்டுப்போன வரிகள் மட்டும் தெரியும். பெரும்பாலானவர்கள் மேல்பாதியைப் படம் எடுத்துக்கொண்டு அடுத்த பெட்டிக்கு நகர்ந்துவிடுகிறார்கள். இந்த மதிப்பீடு கீழ்ப்பாதியிலும் அதே நேரத்தைச் செலவழிக்கிறது. தண்ணீர் குளிர்வதற்கும் உணவு பரிமாறுவதற்கும் ஆயிரக்கணக்கில் வனைந்து விற்ற சரக்கு இது. மண் சரியா, சுவர் ஒரே கனமா, வெந்தது போதுமா, பூச்சு நிற்குமா என்று கேட்டுத்தான் இதை எடைபோட முடியும்.

'காப்டிக்' என்பது எகிப்தியரைக் குறித்த கிரேக்கச் சொல் அரபியில் 'கிப்த்' என்று குறுகி, அங்கிருந்து ஐரோப்பிய மொழிகளுக்குப் போன பெயர்; பின்னாளில் எகிப்தியக் கிறித்தவர்களைக் குறித்தது. மட்பாண்டத்தில் ஏறக்குறைய 4ஆம் நூற்றாண்டிலிருந்து தொடங்கும் சரக்குக்கு இந்தப் பெயரைச் சொல்கிறோம். 641இல் அரபு ஆட்சி வந்தபோது குயவரின் சக்கரம் நின்றுவிடவில்லை. அதே மண்ணும் அதே வடிவங்களும் அடுத்த சில தலைமுறைகளிலும் தொடர்ந்தன. அதனால் ஒரு பானையின் மேல் சிலுவை இருப்பதையோ இல்லாததையோ வைத்துக் காலம் சொல்வது ஆபத்தான வேலை.

மூன்று மண், மூன்று குணம்

முதலாவது நைல் வண்டல். ஆண்டுதோறும் வெள்ளம் கொண்டுவந்து போட்ட கரிய மண். இரும்புச் சத்து அதிகம். ஈரத்தில் கறுப்பு, காற்றோட்டமான சூளையில் சுட்டால் செம்பழுப்பு. கைக்கு நன்றாக வளையும், சக்கரத்தில் அழகாக எழும்பும். ஆனால் காயும்போது நிறையச் சுருங்கும். நறுக்கிய வைக்கோல், சாம்பல், மணல் ஆகியவற்றைக் குயவர்கள் அதில் சேர்த்தது இதற்காகத்தான். வைக்கோல் சூளையில் எரிந்துபோய்ச் சுவருக்குள் நுண்துளைகளை விட்டுச் செல்லும். தண்ணீர்ப் பானைக்கு அந்தத் துளைகள் லாபம்.

இரண்டாவது, பாலைவன ஓரத்தில், குறிப்பாக மேல் எகிப்தின் கெனா வட்டாரத்தில் வெட்டியெடுக்கும் சுண்ணாம்புக் களிமண். சுட்டால் இளஞ்சிவப்பு, வெண்மஞ்சள், சூடு மிஞ்சினால் பச்சை கலந்த நிறம். இதில் ஒரு ஏமாற்றும் குணம் உண்டு. மண்ணிலுள்ள உப்பு, பானை காயும்போது ஈரத்தோடு வெளிப்பரப்புக்கு வந்து, சுட்டபிறகு வெளிறிய தோலாகப் படிந்துவிடும். பலரும் அதைக் கையால் பூசிய வெள்ளைப் பூச்சு என்று நினைத்துவிடுகிறார்கள். பிரித்தறியச் சுலபமான வழி இருக்கிறது. உப்புத்தோல் சீக்கிரம் காயும் இடங்களான வாய்விளிம்பிலும் கைப்பிடி மேட்டிலும் தடித்திருக்கும், ஈரமாக இருக்கையில் விரல் பட்ட இடத்தில் மெலிந்திருக்கும். கையால் பூசியதென்றால் தூரிகைக் கோடோ வழிந்த தடமோ எங்காவது காட்டிக்கொடுக்கும்.

மூன்றாவது அஸ்வான் மண். வெண்களிமண் வகையைச் சேர்ந்தது, நுண்ணியது, சுட்டால் இளஞ்சிவப்பாக இறுகும். இதில் மெல்லிய தட்டுகளும் கிண்ணங்களும் வனைந்து, மேலே செங்காவிக் குழம்பு பூசி, வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்த விலையுயர்ந்த சிவப்புத் தட்டுகளுக்குப் போட்டியாக நைல் நெடுக விற்றார்கள். ரோமானிய மட்பாண்ட ஆய்வாளர் ஜான் ஹேய்ஸ் 1972இல் வெளியிட்ட பகுப்பில் இது 'எகிப்தியச் செம்பூச்சு அ' வகை. நைல் வண்டலில் செய்தது 'ஆ' வகை. தெற்கே, இன்றைய சூடான் பக்கமுள்ள நூபியா வரை அஸ்வான் சரக்கு போயிருக்கிறது.

மண்ணைக் கலக்கும் பக்குவம் எவ்வளவு கறாராக இருந்தது என்பதற்கு ஆக்ஸிரிங்கஸ் என்ற எகிப்திய ஊரில் பாப்பிரஸ் தாளில் எழுதிய குத்தகை ஒன்றே போதும். ஆண்டு 243, காப்டிக் காலத்துக்குச் சற்று முந்தியது. குயவர் ஆண்டுக்கு 15,000 மதுச் சாடிகள் செய்து தர வேண்டும். பட்டறை உரிமையாளர்கள் பொலபொல மண், மணல்மண், கருமண் என்று மூன்று மண்ணையும் விறகையும் தண்ணீரையும் தர வேண்டும். சாடிகளைச் சுட்டு, உள்ளே கீல் (கசிவைத் தடுக்கும் கரிய பிசின்) பூசி ஒப்படைக்க வேண்டும். இந்தக் கீல் விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மதுச் சாடிக்கு நுண்துளை எதிரி, அதனால் அடைக்கிறார்கள். தண்ணீர்ப் பானைக்கு நுண்துளைதான் உயிர், அதனால் திறந்து விடுகிறார்கள். ஒரே பட்டறை, ஒரே சக்கரம், நேர் எதிரான இரண்டு தேவைகள்.

இந்தப் பானைகளைப் பார்த்து மாதிரி செய்ய முயல்பவர்கள் இந்த இடத்தில்தான் முதலில் சறுக்குகிறார்கள். கடையில் வாங்கிய வழுவழுப்பான களிமண்ணில் வனைந்தால் வடிவம் சரியாக வரும், வேலை செய்யாது. வண்டலைத் தண்ணீரில் கரைத்துத் தெளிய வைக்கும்போதும் கணக்கு வேண்டும். நீர்க்க இருக்கும் கரைசலை 20 செ.மீ. ஆழத் தொட்டியில் கலக்கிவிட்டு ஒன்றரை நிமிடம் பொறுத்தால், 0.05 மி.மீ.க்கு மேற்பட்ட மணல்துகள் அடியில் இறங்கிவிடும். மேலே நிற்பதை வேறு தொட்டிக்கு வடித்தால் வனையும் மண். அதையே ஓர் இரவு விட்டு மேல்மட்டத்தை மட்டும் எடுத்தால் பூச்சுக்கான குழம்பு. சுருக்கம் எவ்வளவு என்று அறிய, பட்டையாகத் தட்டிய ஈர மண்ணில் சரியாக 10 செ.மீ. கோடு கீறி வையுங்கள். காய்ந்து சுட்டபின் அந்தக் கோடு 9.2 செ.மீ. ஆனால் சுருக்கம் 8 விழுக்காடு. பூச்சு மண்ணுக்கும் இதே சோதனை வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கூடக்கூடப் பூச்சு உரியும்.

வனைதல்

காலால் உதைத்துச் சுழற்றும் சக்கரத்தில் பெரிய பானையை ஒரே மூச்சில் எழுப்புவதில்லை. வயிற்றைத் தனியாகவும் தோளையும் கழுத்தையும் தனியாகவும் வனைந்து, இரண்டும் பாதி காய்ந்து விறைப்பு ஏறிய பதத்தில் ஒட்டுவார்கள். உள்ளே விரல் விட்டால் ஒட்டுக்கோடு மேடாகத் தட்டுப்படும். உடைந்த பானைகள் பல அந்தக் கோட்டில்தான் விட்டிருக்கின்றன. ஒரு பாதி ஈரமாகவும் மறு பாதி காய்ந்தும் இருக்கும்போது ஒட்டினால், ஈரப்பாதி பிற்பாடு சுருங்கிக் கோட்டை இழுத்துப் பிளந்துவிடும்.

வயிற்று வரிகள் இந்தக் காலத்து எகிப்தியச் சரக்கின் அடையாளம். ஈரக்கையில் வழுக்காமல் பிடி தரும். பரப்பைக் கூட்டுவதால் ஆவியாகும் இடமும் கூடும். தோளை மட்டும் வழித்து மழமழவென்று விட்டார்கள். தூரிகை அங்கே ஓட வேண்டும் அல்லவா? அடிப்பகுதி பெரும்பாலும் உருண்டை அல்லது கூம்பு. தரையில் நிற்காது, புரிமணை மேலோ, மண்ணால் செய்த தாங்கியிலோ, மணலில் குழித்தோ வைப்பார்கள். அப்படி வைத்தால் கீழ்ப்பாதி கண்ணுக்கு மறைந்துவிடும். வண்ணம் ஏன் தோளோடு நின்றது என்ற கேள்விக்குப் பாதி விடை இதிலேயே இருக்கிறது. மீதி விடை குளிர்ச்சியில்.

கழுத்துக்குள் வடிகட்டி வைத்த கூஜா வகையைத் தனியாகப் பாராட்ட வேண்டும். கழுத்தின் அடியில் ஒரு மண்தட்டு, அதில் துளைகள். பதமான விறைப்பில் மேலிருந்து குத்துவார்கள். அதனால் தட்டின் அடிப்பக்கம் மண் பிதுங்கி முள்முள்ளாக நிற்கும், யாரும் அதை வழித்துவிட மெனக்கெடவில்லை. உலர்ந்த பிறகு குத்தினால் துளைக்குத் துளை கீறல் ஓடித் தட்டே விழுந்துவிடும். காப்டிக் வடிகட்டிகள் எளிமையானவை. இந்தத் தட்டு, 10ஆம் நூற்றாண்டில் எகிப்தைப் பிடித்த ஃபாத்திமித் அரசவம்சத்தின் காலத்துச் சரக்கில் பின்னலாடைபோல நுணுக்கமாக மாறியது. வேலைக்கு அந்த எளிய வடிகட்டியே போதும், பூச்சியும் தூசும் உள்ளே விழாது.

மூன்று வண்ணம், ஒரே நெருப்பு

இந்தச் சரக்கின் தொழில்நுட்பத் திறமை உண்மையில் இங்கே இருக்கிறது. வெளிர்நிறம், சிவப்பு, கறுப்பு. மூன்றும் மண்ணிலிருந்து எடுத்தவை, மூன்றும் பானையோடு சேர்ந்து ஒரே சூளையில் வேக வேண்டும். வெளிர்நிறத்துக்கு இரும்பு குறைந்த வெண்களிமண் குழம்பு அல்லது சுண்ணாம்பு மண். சிவப்புக்குக் காவி. கறுப்புதான் தலைவலி. இரும்பை மட்டும் நம்பிக் கறுப்புத் தீட்டினால், காற்றோட்டமான சூளையில் அது சிவந்துவிடும், காவிக்கும் கோட்டுக்கும் வேறுபாடே தெரியாது. காற்றை அடைத்துக் கறுப்பாக்கினால் காவியும் சேர்ந்து கறுத்துவிடும். இரண்டும் ஒரே பானையில் வேண்டுமென்றால் மாங்கனீசு கலந்த கல்லை அரைத்துச் சேர்க்க வேண்டும். மாங்கனீசு காற்றோட்டத்திலும் கறுப்பாகவே நிற்கும். குழம்பு நீர்த்துப்போனாலோ மாங்கனீசு குறைந்தாலோ கோடு பழுப்பாகும். அருங்காட்சியகப் பானைகளில் ஒரே கோடு கறுப்பில் தொடங்கிப் பழுப்பில் முடிவதைக் காணலாம். தூரிகையில் குழம்பு தீர்ந்துகொண்டே வந்ததன் பதிவு அது.

பூசும் நேரமும் முக்கியம். வெளிர்ப்பூச்சு, பானை விறைப்பேறி, ஆனால் தொட்டால் குளிர்ச்சி மாறாமல் இருக்கும் பதத்தில் ஏற வேண்டும். அப்போது இரண்டும் சேர்ந்து சுருங்கும். முழுக்கக் காய்ந்த பானையில் பூசினால், பானை ஈரத்தைச் சட்டென்று உறிஞ்சும், பூச்சு மட்டும் தனியே சுருங்கிச் செதில்செதிலாக எழும். சுட்ட பிறகு பூசுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சுட்ட மண்ணும் பச்சை மண்ணும் ஒட்டாது என்ற பழமொழி அப்படியே பொருந்தும். பூச்சின் கெட்டி பாலைவிடச் சற்றுத் திண்ணமாக இருந்தால் போதும். தடித்துப் போனால் வெடிப்பு வலைபோல ஓடும்.

கோடு போடும் முறையை உருப்பெருக்கி இல்லாமலே படிக்கலாம். தோளைச் சுற்றி வரும் பட்டைக்கோடு, பானையைச் சக்கரத்தில் சுற்றவிட்டுத் தூரிகையை அசையாமல் பிடித்துப் போட்டது. எங்காவது ஓரிடத்தில் தொடக்கமும் முடிவும் ஒன்றன்மேல் ஒன்று ஏறியோ, ஒரு மயிரிழை விலகியோ இருக்கும். அந்தச் சந்திப்பைத் தேடிப்பிடிப்பது இந்தப் பானைகளைப் பார்ப்பதில் உள்ள பெரிய மகிழ்ச்சி. மீனும் பறவையும் சக்கரம் நின்ற பிறகு கைவீச்சில் வந்தவை. முதுகுக்கு ஒரு வளைவு, வயிற்றுக்கு ஒரு வளைவு, வாலுக்கு இரண்டு இழுப்பு. புள்ளிகளை எண்ணிப் பாருங்கள்: மூன்று நான்கு அடர்த்தியாக, அடுத்தவை மங்கலாக, மறுபடி அடர்த்தி. எத்தனை புள்ளிக்கு ஒருமுறை தூரிகை குழம்புக்குள் போனது என்பது அதில் தெரியும். இவ்வளவு வேகமாகத் தீட்டியும் மீன் மீனாகவே இருக்கிறது, முயல் காதை விறைத்துக்கொண்டு ஓடுகிறது. பயின்ற கையின் அழகு இதுதான். ஒவ்வொரு செதிலையும் பொறுமையாக வரைந்திருந்தால் இந்த உயிர் வந்திருக்காது.

சூளை

வட்டச் சுவர், கீழே அடுப்பறை, நடுவில் துளையிட்ட தளம், மேலே பானைகள். மேல்வாயை உடைந்த ஓடுகளால் மூடுவார்கள். தழல் கீழிருந்து துளை வழியே ஏறும். எரிபொருள் வைக்கோல், நாணல், ஈச்ச மட்டை போன்ற வேளாண் கழிவு. சட்டென்று பற்றிச் சட்டென்று அணையும். ஆகவே சூளைக்காரர் நகரவே முடியாது, ஊட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

முதல் சில மணி நேரம் நூறு டிகிரியைத் தாண்டவிடக் கூடாது. சுவருக்குள் மிஞ்சிய ஈரம் நீராவியாகி வெடித்தால் ஒரு பானை மட்டுமல்ல, அதன்மேல் அடுக்கியவையும் போகும். 450இலிருந்து 600 டிகிரி வரை களிமண்ணோடு பிணைந்த நீர் வெளியேறும். அதற்குப் பிறகு பானை தண்ணீரில் கரையாது. 573 டிகிரியில் மணலிலுள்ள படிகக்கல் திடீரென்று விரியும், ஆறும்போது அதே புள்ளியில் சுருங்கும். மணல் அதிகம் சேர்த்த பானையை அவசரமாக ஆறவிட்டால் அடி வெடிப்பது இதனால்தான். நைல் வண்டலுக்கு 700இலிருந்து 900 டிகிரி வரை வசதியான எல்லை. ரொம்ப மேலே போனால் சுவர் ஊதிப் புடைக்கும், வளையும், துளை அடைபடும்.

உடைந்த விளிம்பைப் பார்த்தால் வெளியே சிவப்பு, நடுவில் கரிய பட்டை, உள்ளே மறுபடி சிவப்பு. வைக்கோலின் கரி முழுக்க எரியும் முன் சூளை அணைந்திருக்கிறது என்று பொருள். தண்ணீர்ப் பானைக்கு இது பெரிய குறை இல்லை. சுண்ணாம்பு மண்ணில் வரும் குறைதான் மோசமானது. ஒரு மி.மீ. அளவுள்ள சுண்ணாம்புக் கல் மண்ணில் தங்கிவிட்டால், சூளையில் அது சுட்ட சுண்ணாம்பாகும். பிறகு காற்றின் ஈரத்தைக் குடித்து வீங்கி, மேல்தோலைக் கூம்பாகத் தெறிக்கவிடும். சூளையிலிருந்து எடுக்கும்போது அழகாக இருந்த பானை சில நாளிலோ வாரத்திலோ அம்மை கண்ட முகம்போல ஆகும். மண்ணை நன்றாகச் சலிப்பதும், சிறிது உப்பு இருப்பதும் இதைக் குறைக்கும்.

தண்ணீர் குளிர்கிறதா?

இதைக் கணக்காகவே சொல்லலாம். ஒரு கிராம் தண்ணீர் ஆவியாக ஏறக்குறைய 2.4 கிலோஜூல் வெப்பம் வேண்டும். 10 லிட்டர் தண்ணீரை 35 டிகிரியிலிருந்து 25க்கு இறக்க 420 கிலோஜூல் போக வேண்டும், அதாவது சுமார் 175 கிராம் ஆவியானால் போதும். ஒரு சின்ன டம்ளர் தண்ணீரைக் காற்றுக்குக் கொடுத்தால் பானை முழுக்கக் குளிர்ந்த நீர். சுற்றுக்காற்று திரும்பச் சூடேற்றுவதால் நடைமுறையில் இன்னும் கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும். வறண்ட மேல் எகிப்தில் 40 டிகிரி வெயிலில், காற்றின் ஈரம் 15 விழுக்காடாக இருந்தால், தண்ணீர் 21 டிகிரியை நெருங்க முடியும். ஈரம் 80 விழுக்காடு இருக்கும் நாளில் இரண்டு மூன்று டிகிரி இறங்கினாலே பெரிது. பாலைவனத்தை ஒட்டி வாழ்ந்தவர்களுக்கு இந்தப் பானை எவ்வளவு பெரிய வசதி என்பதற்கு வேறு சான்று வேண்டாம். நைல் டெல்டாவின் மேற்கு ஓரத்தில் கெல்லியாவில் கிறித்தவத் துறவிகளின் குடில்கள் தோண்டப்பட்டு, அங்கே கிடைத்த மட்பாண்டங்களை மிஷேல் எக்லோஃப் 1977இல் வகைப்படுத்தினார். காப்டிக் பானைக்குக் காலம் குறிக்க அந்த வரிசை இன்றும் கைகொடுக்கிறது.

இப்போது தோளுக்கும் வயிற்றுக்கும் திரும்பலாம். நுண்ணிய பூச்சு ஏறிய இடம் வெறும் மண்ணைவிடக் குறைவாகக் கசியும். வயிறு முழுக்கப் பூசியிருந்தால் பானை அழகாக வியர்த்திருக்காது. கண்ணுக்குத் தெரியும் தோளில் வண்ணத்தையும், தண்ணீர் நிற்கும் வயிற்றில் வெறும் மண்ணையும் வைத்தது எங்கள் பார்வையில் இந்தச் சரக்கின் ஆகச் சிறந்த வடிவமைப்பு முடிவு.

எது எப்படி?

நைல் வண்டலில் வனைந்த பெரிய தண்ணீர்ப் பானைக்கு எங்கள் முதல் மதிப்பெண். சுவர் சமமில்லாமல் இருக்கும், புகை பட்டுக் கரிய திட்டு இருக்கும், பூச்சு ஆங்காங்கே உதிர்ந்திருக்கும். ஆனாலும் வேலையும் வண்ணமும் ஒன்றையொன்று கெடுக்காமல் நிற்பது இதில்தான். மேல் எகிப்தின் பழைய நகரமான தீபேஸின் மேற்குக் கரையில் ஜேமே ஊர் இருந்த மெதினத் ஹாபு அகழ்வில் வண்ணப் பானைகள் கிடைத்தன. அந்த வட்டாரத்தில் பானை உடைந்த பிறகும் வீணாகவில்லை. ஓட்டுத்துண்டில் கடிதம், ரசீது, செபம் எல்லாம் காப்டிக் மொழியில் மையால் எழுதினார்கள்.

அஸ்வான் தட்டுகள் கைவேலையில் மேல். விளிம்பு கத்திபோல மெலிந்திருக்கும், செம்பூச்சு சீராக இருக்கும், உணவெண்ணெய் எளிதில் ஊறாது. வண்ணப் படம் இதில் அடக்கமாகத்தான் வரும். குறை என்று சொன்னால், வெளிநாட்டுத் தட்டுகளைப் பார்த்துச் செய்த வடிவங்களில் அந்தப் பானையின் துணிச்சல் இல்லை.

சுண்ணாம்பு மண் கூஜா, குளிர்ச்சியில் எதற்கும் குறையாது. தெறிப்பு நோய்தான் பலவீனம். புனித மேனாஸின் யாத்திரைத் தலமான ஆபூ மேனாவில் யாத்திரிகர்கள் வாங்கிச் சென்ற குடுவைகள் வேறு ரகம். இரண்டு அச்சுப் பாதிகளை ஒட்டியவை, இரு ஒட்டகங்களுக்கு நடுவே புனித மேனாஸ் நிற்கும் புடைப்பு. வண்ணத் தூரிகைக்கு அங்கே வேலை இல்லை. நீர்ச்சக்கரத்தில் கட்டிய சிறு பானைகளிலும் சமையல் சட்டிகளிலும் வண்ணத்தை வீணாக்கவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது.

தெற்கே நூபியாவில் ஃபராஸ் பட்டறைகள் இந்த மரபை எடுத்து வேறு உயரத்துக்குக் கொண்டுபோயின. அங்கே கோடுகள் ஒழுங்கானவை, கட்டங்களுக்குள் அடங்கியவை. தூரிகை நேர்த்தியில் ஃபராஸ் முன்னே, கைவீச்சின் உயிரில் எகிப்தியப் பானை முன்னே. 8, 9ஆம் நூற்றாண்டுகளில் ஈயப் பளபளப்புப் பூச்சு எகிப்தில் பரவியபோது தட்டுகளும் கிண்ணங்களும் அந்தப் பக்கம் சாய்ந்தன. தண்ணீர்ப் பானை சாயவில்லை. பளபளப்புப் பூச்சு நீரைத் தடுத்துவிடும், பானை எப்படி வியர்க்கும்?

பார்க்கவும் வாங்கவும்

பார்க்க வேண்டிய இடம் கெய்ரோவின் காப்டிக் அருங்காட்சியகம். மார்க்குஸ் சிமைக்கா 1908இல் தொடங்கியது, பழைய கெய்ரோவில் பாபிலோன் என்ற ரோமானியக் கோட்டையை ஒட்டி, மார் கிர்கிஸ் மெட்ரோ நிலையத்துக்கு அருகிலேயே இருக்கிறது. பானைகளைச் சிற்பங்களுக்கும் துணிகளுக்கும் பிறகு களைத்த கண்ணோடு பார்க்காமல், முதலில் பாருங்கள். பக்கவாட்டில் குனிந்து நின்றால் பூச்சின் தடிப்பும் தூரிகைத் தடமும் நிழலில் எழுந்து தெரியும். எல்லா அருங்காட்சியகங்களுக்கும் பொதுவான ஒரு மனக்குறை: பெயர்ப்பலகையில் நூற்றாண்டும் உருவமும் இருக்கும், மண் வகை இருக்காது. எந்த மண் என்ற ஒரே சொல் சேர்த்தால் பார்ப்பவருக்குப் பானை எங்கே பிறந்தது என்பது புரியும். 19ஆம் நூற்றாண்டு இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்திலும் வணிகர்களிடம் வாங்கிய பானைகளுக்குக் கண்டெடுத்த இடம் தெரியாது என்பதால், அந்த ஒரு சொல்லின் மதிப்பு இன்னும் கூடுகிறது.

பழம்பானையை வாங்க நினைக்க வேண்டாம். 1983ஆம் ஆண்டின் 117ஆம் எண் சட்டம் எகிப்தில் தொல்பொருள் வணிகத்தையும் ஏற்றுமதியையும் நிறுத்திவிட்டது. வெளியில் விற்பனைக்கு வருவதில் நேர்மையான ஆவணம் இல்லாதது திருட்டுத் தோண்டலுக்குத் தீனி போடும்.

புதிய மாதிரிப் பானை வாங்கலாம், மகிழ்ச்சியாக வாங்கலாம். நல்லதைத் தேர்ந்தெடுக்கச் சில சோதனைகள் உண்டு. வண்ணத்தின் மேல் ஒரு துளி தண்ணீர் விடுங்கள். சுட்ட மண்பூச்சு உறிஞ்சிக் கறுக்கும். ஞெகிழிச் சாயம் பூசியிருந்தால் துளி முத்தாக நிற்கும். சந்தேகம் தீரவில்லை என்றால் நகப்பூச்சு நீக்கியில் நனைத்த பஞ்சால் அடிப்பக்கம் ஓரிடத்தில் தேயுங்கள். சாயம் பஞ்சில் வந்தால் அது சுட்ட பிறகு தீட்டியது. சுண்டினால் மணிபோல ஒலிக்க வேண்டும். மந்தமாக ஒலித்தால் வேகாதது அல்லது கீறல் உள்ளது. வயிறும் பளபளவென்று வார்னிஷ் பூசியிருந்தால் பூச்சாடியாக வைத்துக்கொள்ளுங்கள், தண்ணீருக்கு ஆகாது. வண்ணத்தில் ஈயம் கலக்கவில்லை என்று செய்தவர் உறுதி சொல்லாத பானையில் குடிநீர் வைக்க வேண்டாம். இந்தச் சோதனைகள் எதையும் பழம்பானையில் செய்யக் கூடாது. மண்ணில் புதைந்திருந்த பானையின் சுவருக்குள் உப்பு இருக்கும். ஈரம் பட்டுக் காயும்போது அந்த உப்பு படிகமாகி, மீனையும் முயலையும் உதிர்த்துவிடும்.

வீட்டுக்கு வந்த புதுப்பானையை ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் மூழ்கவைத்து, அந்த நீரைக் கொட்டிவிடுங்கள். மண்வாசம் போகும்வரை இரண்டு மூன்று முறை நிரப்பிக் கவிழ்க்கலாம். சோப்பு வேண்டாம், துளைக்குள் புகுந்து தங்கும். தேங்காய் நாரோ கரடுமுரடான துணியோ போதும், அதுவும் வயிற்றில் மட்டும். தோளை ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். காற்றோட்டமான நிழலில், தரையிலிருந்து உயர்த்திப் புரிமணை மேல் வையுங்கள். கீழே ஒரு தட்டு வேண்டும், சொட்டும். சில மாதங்களில் வியர்ப்பது குறைந்தால் கடின நீரின் சுண்ணாம்பு துளைகளை அடைத்திருக்கிறது என்று பொருள். ஒரு பங்கு வினிகருக்கு நான்கு பங்கு தண்ணீர் கலந்து உள்ளே ஊற்றி, அரைமணி நேரத்தில் கொட்டி நன்றாக அலசினால் பானை மறுபடி வியர்க்கத் தொடங்கும். சுண்ணாம்பு மண்ணில் செய்த கூஜாவுக்கு மட்டும் இதைச் செய்யாதீர்கள்; வினிகர் சுவரையே அரித்துவிடும்.